கடைசி நாளைக் காலியாக விடுங்கள்

சென்னையிலிருந்து விமானத்தில் அந்தமானின் போர்ட் பிளேர், அங்கிருந்து படகில் ஹேவ்லாக். 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய பிறகும் பயணிகள் வாயில் அது இன்னும் ஹேவ்லாக்தான். அங்கே போகத் திட்டமிடும் தம்பதிகளிடையே இழுபறி பெரும்பாலும் கடைசி இரண்டு நாட்களைப் பற்றித்தான் வரும். "இவ்வளவு செலவழித்துப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதா?" என்பார் ஒருவர். "ராதாநகர் கடற்கரையில் சும்மா உட்காரத்தானே போகிறோம்" என்பார் மற்றவர். பார்க்காமல் விட்டதையெல்லாம் கடைசி நாளில் திணிப்பவரே வழக்கமாக ஜெயிக்கிறார். ஆனால் உடலியல், உளவியல் இரண்டையும் கேட்டால் தீர்ப்பு சும்மா இருப்பவர் பக்கம்தான் சாயும்.

முதலில் உடல். தீவுக்குப் போகிறவர்கள் ஆசைப்படும் ஸ்கூபாவை எடுத்துக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 12 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் சுவாசிக்கிறார். அழுத்தம் கூடக்கூடத் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்பது வில்லியம் ஹென்றி 1803-ல் சொன்ன விதி. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு நுரையீரல் வழியாக மெதுவாக வெளியேறுகிறது. ரத்தம் நிறையப் பாயும் உறுப்புகளிலிருந்து சில நிமிடங்களில் கிளம்பிவிடும், மற்றவற்றில் மணிக்கணக்காகும். அதற்குள் விமானம் ஏறினால் என்ன ஆகும்? பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப்போல, அதாவது ஊட்டியைவிடச் சற்று உயரத்தில் நிற்பதைப்போலக் குறையலாம். கரைந்திருந்த நைட்ரஜன் அப்போது குமிழிகளாகத் திரண்டு மூட்டுகளிலும் நரம்புகளிலும் தொல்லை தரக்கூடும். மூழ்காளர்கள் 'பென்ட்ஸ்' என்று அழைக்கும் இந்த நோய்க்கு நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878-லேயே காட்டிவிட்டார். ஒருமுறை மட்டும் மூழ்கியவர் விமானம் ஏறுவதற்குமுன் 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது மூழ்காளர் பாதுகாப்பு அமைப்பான 'டான்' தரும் பரிந்துரை.

பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மூழ்குகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான். ஆனால் நோய் வந்துவிட்டால் அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை தர வேண்டும். அது ஆகாயத்தில் கிடைக்காது. மூழ்குவதை ஒரு நாள் முன்னே தள்ளி வைத்தாலே தீர்ந்துவிடும் ஆபத்தை வலியப்போய் ஏற்பானேன்?

அடுத்தது மனம். டேனியல் கானமேனும் சக ஆய்வாளர்களும் 1993-ல் செய்த சோதனை பிரபலமானது. 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருப்பது ஒரு முறை. அதே 60 விநாடிக்குப் பிறகு, நீர் 15 டிகிரிக்குச் சற்றே சூடேறும்வரை இன்னும் 30 விநாடி வைத்திருப்பது மற்றொரு முறை. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் நிற்கின்றன, அதன் நீளம் நிற்பதில்லை என்பது இதிலிருந்து வந்த முடிவு. அப்படியானால் உச்சத்தையே முடிவில் வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். குளிர்நீர் ஒன்றரை நிமிடச் சோதனை. விடுமுறையோ பல நாள் நீள்வது. சைமன் கெம்பும் சக ஆய்வாளர்களும் 2008-ல் விடுமுறைகளை வைத்தே இந்த விதியைச் சோதித்தபோது, மறக்க முடியாத அல்லது வழக்கத்துக்கு மாறான ஒரு நாள்தான் மொத்த மகிழ்ச்சியை நன்றாகக் கணித்தது. உச்சமும் முடிவும் அந்த அளவுக்குக் கணிக்கவில்லை. ஆக, மறக்க முடியாத அந்த நாள் எப்போது வந்தாலும் மனம் பத்திரப்படுத்திவிடும். முடிவு பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை, அலைக்கழிப்பாக இல்லாமல் இருந்தால் போதும்.

ஓய்வுக்குச் சாதகமான சான்று நெதர்லாந்திலிருந்து வருகிறது. 1,530 பேரை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வில், விடுமுறை போய்வந்தவர்கள் திரும்பிய பிறகு, போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கவில்லை. "மிகவும் நிம்மதியாக இருந்தது" என்று சொன்னவர்கள் மட்டுமே விதிவிலக்கு. அவர்களுக்கும் அந்த மகிழ்ச்சி சில வாரங்களில் கரைந்துவிட்டது. இயல்பிலேயே நிம்மதியானவர்கள் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. ஓய்வுதான் காரணம் என்று இந்த ஒரே ஆய்வால் நிறுவிவிட முடியாது. ஆனால் ஓடியாடிப் பார்த்தவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் கிடைத்ததாகவும் அதில் இல்லை. சில வாரங்களில் போய்விடுவதற்கு இவ்வளவு ஏற்பாடா என்றால், மறுபடி பசிக்கும் என்பதற்காக யாரும் சோற்றைத் தள்ளி வைப்பதில்லை.

"சும்மா இருந்தால் ஊருக்குப் போகிற கவலைதானே வந்து உட்காரும்?" என்பது மிச்சமிருக்கும் கேள்வி. படிப்பு முடிய ஆறு வாரமே இருந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஜேமி கர்ட்ஸ் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்துத் தங்கள் கல்லூரி வாழ்வைப் பற்றி எழுதியவர்கள், நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்து எழுதியவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். முடியப்போகிறது என்ற நினைப்பு, கையில் இருப்பதைக் கவனிக்க வைக்கிறது. ஆனால் கவனிப்பதற்கு நேரம் வேண்டும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் இருவருக்கு அது வாய்ப்பதில்லை.

ஆகவே ஸ்கூபாவை இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் படகு நின்றுபோகும் என்பதற்காகவும் கடைசி நாளில் இடம் விட்டு வையுங்கள். ஸ்கூபாவுக்கு முன்பதிவு செய்யும்போது திரும்பும் விமானத்தின் நேரத்தைச் சொல்லி, அதிலிருந்து 18 மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு வரும் பொழுதுக்குத் திட்டம் எதுவும் வேண்டாம்.