தொட்டிக்குள் ஒரு நெடுமரம்

டிசம்பர் மாதம் நெருங்கும்போது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பூச்செடிக் கடைகளில் முழங்கால் உயரப் பசுங்கன்றுகள் விற்பனைக்கு வருகின்றன. நடுவில் நேரான தண்டும் அதைச் சுற்றி அடுக்கடுக்காக விரிந்த கிளைகளும் கொண்டவை அவை. மேலிருந்து பார்த்தால் ஒவ்வோர் அடுக்கும் நட்சத்திரம் போலத் தெரியும். பலர் இதனைக் கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைக்கின்றனர். இதன் பெயர் நார்ஃபோக் தீவுப் பைன். பெயரில் பைன் இருந்தாலும், உண்மையான பைன் மரங்களுக்கு இது தூரத்து உறவுதான். ஆண்டு முழுவதும் பசுமை மாறாத ஊசியிலை மரம் இது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் பெருங்கடலில் உள்ள நார்ஃபோக் தீவே இதன் தாயகம். 1774ஆம் ஆண்டு அங்குக் கரையிறங்கிய ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக், நெடிதுயர்ந்த இம்மரங்கள் கப்பல்களின் பாய்மரத்துக்கு ஏற்றவை என எண்ணினார். 1788இல் குடியேறியவர்கள் வெட்டிப் பார்த்தபோதுதான் அவை எளிதில் முறியக்கூடியவை எனத் தெரிந்தது. கப்பலுக்கு உதவாத மரம், அழகுக்காக உலகெங்கும் பரவியது. அத்தீவின் கொடியிலும் இம்மரமே நிற்கிறது.

இம்மரத்தை வளர்ப்போர் முதலில் அறிய வேண்டியது, அது வளரும் முறையை. நடுத்தண்டின் நுனி மட்டுமே மேல்நோக்கி வளரும். கிளைகள் பக்கவாட்டில் மட்டுமே வளரும். கிளை ஒன்றை வெட்டி நட்டு, அது வேர்விட்டாலும் நிமிர்ந்து நிற்காது. தரையோடு படர்ந்தே வளரும். ஆகவே, மற்றச் செடிகளைப் போல் உயரத்தைக் குறைப்பதற்காக நுனியைக் கிள்ளக் கூடாது. கிள்ளினால் தண்டிலிருந்து புதுத் துளிர் எழலாம். ஆனால், பழைய வடிவம் திரும்புவது அரிது. உதிர்ந்த கீழ்க்கிளைகளும் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஒரு மாதக் கவனக்குறைவு அம்மரத்தின் உருவத்தில் நிலையாகப் பதிந்துவிடும்.

கீழ்க்கிளைகள் உதிர்வதற்கு வெளிச்சக் குறைவும் வறட்சியுமே பெரும்பாலும் காரணம். அடுக்குமாடி வீட்டின் கூடத்து மூலையில் இம்மரம் அழகாகத்தான் இருக்கும். ஆனால், அங்கு அது மெல்ல நலிந்துவிடும். நல்ல வெளிச்சம் வரும் சன்னல் ஓரமே அதற்கு உரிய இடம். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் மரம் அப்பக்கமே சாயும் என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியைச் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும். நிழலில் இருந்த கன்றைத் திடீரென வெயிலுக்குக் கொண்டு சென்றால் இலைகள் கருகும். குளிர்சாதனக் காற்று நேரே பட்டாலும் நுனிகள் பழுப்பாகும்.

மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். ஓயாமல் ஈரமாக இருக்கும் மண்ணில் வேர் அழுகிவிடும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுவது நல்லது. ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறிதளவு நீரே போதும்.

வாங்கும்போது தொட்டிக்குள் எத்தனை தண்டுகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடர்த்தியாகத் தெரிவதற்காக மூன்று, நான்கு கன்றுகளை ஒன்றாக நட்டு விற்பதுண்டு. வளர வளர அவை வெளிச்சத்துக்கும் நீருக்கும் போட்டியிடும்; பின்னர் வேர்கள் பின்னிக்கொள்வதால் பிரிப்பதும் கடினம். ஒற்றைத் தண்டுள்ள கன்று மெலிந்து தெரிந்தாலும் அதுவே நெடுநாள் நிற்கும். மினுக்குத்தூளோ பச்சைச் சாயமோ பூசிய கன்றுகளைத் தவிர்க்கலாம். அப்பூச்சு இலைகளுக்கு வெளிச்சம் படாமல் தடுக்கிறது. கனமான அலங்காரப் பொருள்களை மெல்லிய கிளைகளால் தாங்க முடியாது.

பண்டிகை முடிந்ததும் பல கன்றுகள் குப்பைத் தொட்டிக்குச் சென்றுவிடுகின்றன. இது வருந்தத்தக்கது, ஏனெனில், தொட்டியில் இம்மரம் பல ஆண்டுகள் வாழக்கூடியது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். தரையில் நடுவோர் மட்டும் இடத்தை நன்கு பார்க்க வேண்டும். தாயகத்தில் இம்மரம் 50 மீட்டருக்கும் மேல் உயரும். வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் அருகில் அதற்கு இடமில்லை. உப்புக்காற்றைத் தாங்குவதால், பரந்த கடலோரத் திடலே அதற்குப் பொருத்தமானது.