நெறிக்கட்டியை முழுசாக எடுங்கள்

நான் பேதாலஜி பயின்ற காலத்தில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து முழு மண்ணீரல் லேபுக்கு வரும். நீளக் கத்தியால் அதை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வில்லை வில்லையாக அரிந்து, ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பிப் பார்ப்போம். கருஞ்சிவப்புச் சதையில் மிளகளவுகூட இல்லாத வெளிறிய பொட்டு ஒன்று தட்டுப்பட்டால் போதும், அந்த நோயாளியின் சிகிச்சையே மாறிவிடும்.

ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோய் எதுவரை பரவியிருக்கிறது என்று அறியத்தான் அந்த ஆபரேஷன். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லானும் சால் ரோசன்பெர்க்கும் இதை நிலைநாட்டினார்கள். வயிற்றைத் திறந்து மண்ணீரலை அகற்றுவார்கள். கல்லீரலிலும் வயிற்று நெறிகளிலும் துணுக்கு எடுப்பார்கள். இளம்பெண்களுக்குக் கதிர் படாதபடி சினைப்பைகளை நகர்த்தித் தைப்பதும் உண்டு. அன்றைக்குக் குணப்படுத்தும் வழி பெரும்பாலும் கதிர்வீச்சுதான். கதிர் படாத இடத்தில் நோய் தங்கிவிடும். வயிற்றுக்கு மேலே மட்டும்தான் நோய் என்று தோன்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வயிற்றுக்குள்ளும் இருந்தது. அந்த மருத்துவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கொடுத்த விலை பெரிது. மண்ணீரல் இழந்தவரை நிமோகாக்கஸ் கிருமி ஒரே நாளில் சாய்த்துவிடக்கூடும், பல வருடங்கள் கழித்தும்கூட.

ஸ்கேன் வந்ததால் கத்தி ஓய்ந்தது என்பார்கள். அது பாதிக் கதை. மறுபாதி மருந்து. 1970களில் மிலானில் ஜியானி பொனடோனா உருவாக்கிய ஏபிவிடி என்ற கீமோ ரத்தத்தோடு உடம்பெங்கும் போகும். ஒளிந்திருக்கும் பொட்டையும் விடாது. வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் திறக்காதவர்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று ஐரோப்பிய ஆய்வொன்று 1993இல் காட்டியது.

பிறகு பெட்-சிடி வந்தது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துவார்கள். சர்க்கரையை அதிகம் செலவழிக்கும் செல்கள் அதை உறிஞ்சிப் படத்தில் ஒளிரும். சாப்பாட்டுச் சர்க்கரை அதோடு போட்டியிடக் கூடாது என்றுதான் வெறும்வயிற்றில் வரச் சொல்கிறார்கள். பெட் எடுத்த ஹாட்ஜ்கின் நோயாளிக்கு எலும்பு மஜ்ஜை பயாப்ஸியும் வழக்கமாக வேண்டியதில்லை என்று 2014இன் லுகானோ நெறிமுறை சொன்னது. எவ்வளவு வலி மிச்சம்!

இவ்வளவு கேட்டபின், "அப்போ கழுத்துக் கட்டியையும் வெட்ட வேண்டாமே டாக்டர்" என்கிறார்கள். வெட்டத்தான் வேண்டும். காசநோய் நெறியும் பெட் படத்தில் அப்படியே ஒளிரும். நம் ஊரில் காசநோய் நெறிக்கட்டி சர்வசாதாரணம். ஊசியால் உறிஞ்சி எடுப்பதும் பல சமயம் போதாது. ஹாட்ஜ்கின் நெறியில் நோய்ச்செல்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டுதான். சுற்றி நிற்பவை சாதாரண செல்கள், ஊசியில் அவை மட்டுமே வந்துவிடலாம். முழு நெறி கிடைத்தால்தான் என்னால் உறுதியாக எழுத முடியும்.

ஆபரேஷனுக்கு முன் சர்ஜனிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நெறி முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் வளராது. ஒரு துண்டைத் தனியாக சலைனில் போட்டு, அன்றே லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.