முன்சக்கரத்தின் கணக்கு

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். என்ன செய்வீர்கள்? வருஷக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால்கூட, "ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்புவேன்" என்பார்கள். இல்லாவிட்டால் "உடம்பைச் சாய்ப்பேன்" என்பார்கள். அவர்களுடைய கைகள் செய்வது வேறு. இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகின்றன. அதனால் முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது. சக்கரம் தரையைத் தொடும் இடம் வலப்பக்கம் நகர்ந்துவிட, மேலே இருக்கும் வண்டியின் எடையும் நம் எடையும் இடப்பக்கம் சாய்கின்றன. அப்படிச் சாய்ந்த பிறகுதான் வண்டி இடப்பக்கம் வளைகிறது. இதற்குக் கவுன்டர் ஸ்டீரிங் என்று பெயர்.

விமானம் செய்வதற்கு முன்பு சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட் இதைக் கவனித்திருக்கிறார். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரிடம் எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். தாங்கள் முதலில் எதிர்ப்பக்கம் திருப்புவதை அவர்களில் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

கைக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். சாதாரண நேரத்தில் போதும். எதிரே ஒரு கார் சட்டென்று குறுக்கே திரும்பும்போது போதாது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981-ல் வெளியான அந்த அறிக்கையை இன்றும் பைக் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் தாண்டிப் போக முடியாது. ஆபத்து தொடங்கிய கணத்திலிருந்து மோதும் கணம் வரை ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. கவுன்டர் ஸ்டீரிங் செய்து விலகும் திறமை அநேகமாக யாரிடமும் இல்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ வண்டி கற்றவர்கள்.

நம் ஊரிலும் அப்படித்தான் கற்கிறோம். அப்பாவோ அண்ணனோ மைதானத்தில் கிளட்சும் கியரும் சொல்லித் தருவார்கள். கூடவே ஓர் உபதேசமும் வரும்: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்." மணல் கிடக்கும் தெருவில், சக்கரம் திரும்பிய நிலையில், பதற்றத்தில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து விழுந்தவர்களின் அனுபவத்திலிருந்து வந்த பேச்சு அது. ஆனால் நேர்ச்சாலையில் அது ஆளைக் கொல்லும் உபதேசம்.

கணக்கைப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் பாய்கிறது. முன் ஃபோர்க் அமுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 1.4 மீட்டர், ஆளோடு சேர்ந்த எடைமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்று ஒரு சாதாரண வண்டியை வைத்துக்கொள்வோம். நிற்கும்போது 45 சதவீத எடை முன்சக்கரத்திலும் 55 சதவீதம் பின்சக்கரத்திலும் இருக்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் முன்சக்கரத்தின் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். பின்சக்கரத்தின் மேல் எடை மிஞ்சாதபோது அதன் பிடிமானமும் மிஞ்சாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்கச் சுமார் 44 மீட்டர் ஆகும். இரண்டையும் சரியாகப் பிடித்தால் 18 மீட்டர். மூளை உணர்ந்து கை அசைய ஒரு வினாடி என்றால் அதற்குள் ஓடிவிடும் 17 மீட்டரை இரண்டிலும் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வினாடியில் வண்டி போகும் தூரம் 33 மீட்டர். 35 மீட்டரில் நிற்கிறவருக்கு அந்தக் காரை லேசாகத் தொட்டு நிற்கும் வாய்ப்பு உண்டு. 61 மீட்டர் தேவைப்படுகிறவருக்கு அது இல்லை.

பயம் சக்கரம் பூட்டிக்கொள்வதைப் பற்றித்தான் என்றால் அதற்கு ஏபிஎஸ் வந்துவிட்டது. 1988-ல் பிஎம்டபிள்யூ தன் கே100 வண்டியில் முதன்முதலாக மின்னணு ஏபிஎஸ் பொருத்தியது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். நேராகப் போகும்போது முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் மட்டும் இன்னும் நாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது. ஆளில்லாத சாலையில் ஒரு ஞாயிறு காலை அதற்குப் போதும்.

ஹர்ட் அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. பைக்கை விதவிதமாக மாற்றிக் கட்டுகிறவர்கள் அதை விரும்ப மாட்டார்கள். சாப்பர் பாணியிலும் கஃபே ரேசர் பாணியிலும் மாற்றப்பட்ட வண்டிகள், சாலையில் அவை இருக்கும் அளவைவிட விபத்துகளில் அதிகமாகத் தென்பட்டன. குற்றம் வண்டியின் மேலா, அப்படிப்பட்ட வண்டியை விரும்பி ஓட்டுகிறவரின் வேகத்தின் மேலா என்பதை அந்த ஒரு வரியை வைத்துப் பிரித்துவிட முடியாது. ஆனால் வண்டியின் உருவத்தை மாற்றும்போது எது மாறுகிறது என்பதை இயற்பியல் தெளிவாகவே சொல்கிறது.

பைக்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல், கீழ்முனை முன்னால் தள்ளியபடி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக் கோணத்துக்கு ரேக் என்று பெயர். ஹேண்டில்பார் திரும்பும் அச்சை நேராகக் கீழே நீட்டினால் ஓரிடத்தில் தரையைத் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சிறு சக்கரம் நாம் தள்ளும் திசைக்குப் பின்னாலேயே வந்து சேருவதும் இதனால்தான். வண்டி நேராக ஓட விரும்புவதற்கு டிரெயில் முக்கியமான காரணம். அது மட்டுமே காரணமல்ல. சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவும் மட்டுமல்ல. இரண்டையும் நீக்கிவிட்டுத் தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சைக்கிளை நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2011-ல் காட்டினார்கள். எடை எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே நிலைப்பை முடிவு செய்கிறது. இருந்தாலும் பட்டறையில் ஒருவர் வெல்டிங் மெஷினைக் கையில் எடுக்கும்போது முதலில் மாறப்போவது ரேக்கும் டிரெயிலும்தான்.

எவ்வளவு மாறும்? முன்சக்கரத்தின் ஆரம் 320 மில்லிமீட்டர், ரேக் 26 டிகிரி, திரும்பும் அச்சிலிருந்து சக்கர அச்சு முன்தள்ளி இருக்கும் தூரம் 45 மில்லிமீட்டர் என்றால் டிரெயில் 106 மில்லிமீட்டர் வரும். நல்ல அளவு. இதே வண்டியின் கழுத்தை அறுத்து 40 டிகிரிக்குச் சாய்த்து, நீளமான ஃபோர்க் போட்டுச் சாப்பராக்கினால் டிரெயில் 210 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெடுஞ்சாலையில் அந்த வண்டி கோடு போட்டதுபோல் நேராகப் போகும். விலகச் சொன்னால் விலகாது. தி.நகர் நெரிசலில் மெதுவாக உருட்டும்போது வேறொரு தொல்லை வரும். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் திருப்பினாலும் வண்டியின் முன்பகுதி கீழே இறங்கி, சக்கரம் உள்பக்கமாக மடிந்து விழப் பார்க்கும். மேலே சொன்ன மாற்றத்தில் அந்த இழுப்பு இரண்டரை மடங்காகிறது. கால் ஊன்றுவதற்குள் வண்டி சாய்ந்துவிடும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் மாற்றி, சக்கர அச்சை இன்னும் முன்னால் தள்ளினால் டிரெயில் குறைந்து வழிக்கு வரும். கணக்குத் தெரிந்த கைகள் அதைச் செய்யும். 1969-ல் வந்த ஈஸி ரைடர் படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டும், அமெரிக்கக் கொடி வண்ண டேங்க் கொண்ட ஹார்லி சாப்பரை உலகமே பார்த்தது. அதைக் கட்டியதில் பங்குள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பினக் கைவினைஞர்கள் பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் இருவரின் பெயரும் பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. ஒரு வண்டியின் புகழ் நடிகருக்குப் போய், கட்டியவர்கள் மறக்கப்பட்டது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கஃபே ரேசர் வேறு கதை. 1960-களில் லண்டன் இளைஞர்கள் ஓட்டல் வாசலில் கூடி, வேகத்துக்காக வண்டியை இளைக்க வைத்ததில் பிறந்த பாணி அது. அந்தப் போக்கைப் பார்த்து ராயல் என்ஃபீல்ட் அதே பத்தாண்டின் நடுவில் கான்டினென்டல் ஜிடி வண்டியைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் 2013-ல் திரும்பி வந்தபோது வண்டி சென்னையில் தயாரானது. சேசிஸை உருவாக்கியது பந்தய வண்டிகளுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹாரிஸ் நிறுவனம். தொழிற்சாலையே கஃபே ரேசர் செய்தால் இப்படிக் கணக்கும் சேர்ந்து வரும். பட்டறையில் செய்யும்போது ரேக் பெரிதாக மாறாது. முன்பக்கத்தை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினால் ஒரு டிகிரிதான் குறையும். மாறுவது ஹேண்டில்பார். ஃபோர்க்கோடு இறுக்கும் குட்டைக் கைப்பிடிகள் அகலம் குறைந்தவை. நெம்பும் வலிமையும் குறைவு. தொடக்கத்தில் சொன்ன அந்தத் தள்ளலுக்கு இப்போது கூடுதல் பலம் வேண்டும். உடம்பின் பாரமும் மணிக்கட்டில் இறங்கிவிட்டதால் அந்தப் பலத்தை நிதானமாகக் கொடுப்பது கடினமாகிறது.

பின்சக்கரத்துக்கு அகலமான டயர் போடுவதும் இப்போது பரவலாக இருக்கிறது. அகலமான டயர் சாயும்போது தரையைத் தொடும் இடம் உள்பக்கமாக நகர்கிறது. அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டி இன்னும் அதிகமாகச் சாய வேண்டும். பழைய குறுகலான ரிம்மிலேயே அகல டயரைத் திணித்தால் அதன் வடிவமே குமிழ்போல மாறி, சாயும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஊகிக்க முடியாமல் போகும்.

வண்டியை இளைக்க வைக்கும் இன்னொரு பாணி பாபர். அதைக் கட்டுகிறவர்கள் முதலில் கழற்றுவது எதை என்று பாருங்கள். பின் மட்கார்டு, பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கம்பி, சாரி கார்டு. நம் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்னால் உட்காருபவருக்காக மூன்று பொருட்களைக் கட்டாயமாக்கியிருக்கின்றன: கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு. அந்தத் தடுப்புதான் சாரி கார்டு. புடவை முந்தானையும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சிக்கினால் உட்கார்ந்திருப்பவரைக் கீழே இழுத்துவிடும். துப்பட்டா கழுத்தில் சுற்றியிருந்தால் அதைவிடக் கொடுமை. இந்த நாட்டுப் பெண்களின் உடையைக் கருதி இந்த நாட்டுக்காகவே வைத்த உறுப்பு அது. வண்டி அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைக் கழற்றி எடைக்குப் போடுகிறவர்கள், அதே வண்டியில் அம்மாவையோ தங்கையையோ ஏற்றக் கூடாது. மட்கார்டு இல்லாத சக்கரம் மழையில் பின்னால் வருபவரின் கண்ணாடியில் சேற்றை வாரி அடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் கண்டிப்பானது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில் வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்கிறது. வெட்டி ஒட்டிய சேசிஸ் கண்காட்சியில் நிற்கலாம். சாலையில் ஓடும் வண்டிக்கு பெயிண்ட், சீட், தையல் வேலை என்று அழகு பார்க்கவும் நிறைய இடம் இருக்கிறது.

தலைக்கவசத்துக்கு வருகிறேன். 1935 மே மாதம், அரேபிய லாரன்ஸ் என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட்டில் சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க விலகியபோது தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். 1941-ல் அவர் எழுதிய கட்டுரை, இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் இறந்த பைக் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும் 2,279 பேர் என்று தொடங்கி, தலைக்காயத்தின் பங்கைக் காட்டியது. கவசம் அணிந்து விபத்துக்குள்ளாகி அவரிடம் வந்தவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரும் பிழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் செய்தி கொண்டுசெல்லும் தன் பைக் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குச் சட்டம் வர 1973 ஆயிற்று. கெய்ன்ஸ் அதற்கு இருபது வருஷம் முன்பே இறந்துவிட்டார்.

கவசத்தில் உயிர் காப்பது வெளி ஓடு அல்ல, உள்ளே இருக்கும் தெர்மோகோல். நிற்கும் ஆளின் தலை உயரத்திலிருந்து விழுந்தாலே தலை வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வெறும் தலை 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் மூளை மேல் விழும் தாக்கு புவியீர்ப்பைப் போல் 600 மடங்கு. தெர்மோகோல் நசுங்கி 30 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் அது 60 மடங்காகக் குறைகிறது. தெர்மோகோல் இல்லாத தொப்பி வெறும் தொப்பிதான். ஒருமுறை நசுங்கியது மறுபடி நசுங்காது. அடி வாங்கிய கவசத்தை மாற்றியே ஆக வேண்டும். நாடாவைப் பூட்டாமல் போட்டால் முதல் குலுக்கலிலேயே கழன்று ஓடிவிடும்.

ஏற்கனவே வண்டியை மாற்றிக் கட்டி வைத்திருப்பவர்கள் டிரெயிலை வீட்டு வாசலிலேயே அளந்து பார்க்கலாம். வண்டியை ஆள் ஒருவர் உட்கார்ந்து நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். ஹேண்டில்பார் திரும்பும் தண்டின் நடுவிலிருந்து ஒரு நேரான குச்சியை அந்தத் தண்டின் சாய்விலேயே தரை வரை நீட்டி, தொடும் இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். முன்சக்கர அச்சிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அடுத்த குறி. இரண்டுக்கும் நடுவே டேப் வையுங்கள். குண்டு விழுந்த குறி பின்னால் இருக்க வேண்டும். இடைவெளி 90-லிருந்து 120 மில்லிமீட்டருக்குள் வந்தால் சாதாரணச் சாலை வண்டியின் அளவு. 150-ஐத் தாண்டினாலோ 70-க்குக் கீழே இறங்கினாலோ வண்டியை உருட்டிக்கொண்டே பட்டறைக்குத் திரும்பி, கட்டியவரிடம் அந்த எண்ணைக் காட்டுங்கள்.