ஆயிரம் உலகங்கள், ஒரே ஆட்டம்

லட்சக்கணக்கானோர் ஒன்றாக வாழும் ஆன்லைன் உலகங்கள் இருபது ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்பது ஏன்?

2024 மார்ச் மாதம் ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்க் மெரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' கதையுலகை வைத்து ஒரு பிரம்மாண்ட ஆன்லைன் விளையாட்டு வரப்போவதாக 2020 டிசம்பரிலேயே செய்தி வந்துவிட்டது. ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். அந்த விளையாட்டின் போக்கையே மாற்றி, முதலிலிருந்து தொடங்குகிறோம் என்றார் மெரில். இதுவரை உருவாக்கியது, ஏற்கெனவே சந்தையில் இருப்பவற்றிலிருந்து போதுமான அளவு வேறுபடவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். இனிப் பல ஆண்டுகளுக்குத் தங்களிடமிருந்து செய்தி வராது என்றும் சொல்லிவிட்டார்.

பணமும் ஆளும் திறமையும் குறைவில்லாத ஒரு நிறுவனம் இப்படிச் சொல்கிறதென்றால், சிக்கல் அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதல்ல. எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி., சுருக்கமாக எம்.எம்.ஓ., என்று கேமர்கள் சொல்லும் இந்த வகை விளையாட்டு முழுவதையும் பிடித்திருக்கும் நோய் அது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக வாழலாம் என்பது கணினி விளையாட்டு நமக்குத் தந்த மிகப் பெரிய வாக்குறுதி. அந்த வாக்குறுதி பாதியிலேயே நிற்கிறது.

எங்கும் அதே ஓநாய்கள்

இந்த வகையில் ஏதாவது ஒரு விளையாட்டைத் திறந்து பாருங்கள். ஊர் எல்லையில், தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு ஒருவர் நிற்பார். ஓநாய்த் தொல்லை தாங்கவில்லை, பத்து ஓநாய்களைக் கொன்றுவிட்டு வா என்பார். கொன்றுவிட்டு வந்தால் கொஞ்சம் காசு, கொஞ்சம் அனுபவப் புள்ளிகள், கையிலிருப்பதைவிட ஓரளவு மேலான ஒரு வாள். லெவல் ஏறும். அடுத்த ஊரில் ஓநாய்க்குப் பதில் கரடி.

நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் செத்த ஓநாய்கள் அதே இடத்தில் மறுபடியும் முளைத்து நிற்கும். அடுத்து வருபவரிடமும் அந்த ஊர்க்காரர் அதே குறையைச் சொல்லி அழுவார். அந்த ஊரை யாரும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியதாக ஒரு கணக்கு நம் பெயரில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். கூட்டமாகச் சண்டைக்குப் போனால் அங்கேயும் மூன்றே வேலைகள்: அடி வாங்கும் டேங்க், உயிர் கொடுக்கும் ஹீலர், அடித்து நொறுக்கும் மற்றவர்கள். படத்தின் அழகு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. செய்யும் வேலை மாறுவதே இல்லை.

கோபன்ஹேகனில் விழுந்த தடம்

இந்த அச்சு எங்கே வார்க்கப்பட்டது? 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் 'மட்' என்ற விளையாட்டை எழுதினார்கள். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். பலர் ஒரே உலகில் உலாவ அதில் முடிந்தது. அதன் வழியில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான எழுத்து விளையாட்டுகள் பிறந்தன. அவற்றில் ஒன்று, கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் 1991-இல் வெளியிட்ட 'டிக்கு மட்'. நிரலை யார் வேண்டுமானாலும் இறக்கி நடத்தலாம் என்பதால் அது காட்டுத் தீ போலப் பரவியது. மான்ஸ்டரை அடி, லெவல் ஏறு, ஆயுதம் சேர் என்பதே அதன் சாரம்.

1999-இல் வந்த 'எவர்குவெஸ்ட்' இந்தச் சாரத்துக்கு முப்பரிமாண உருவம் கொடுத்தது. இரண்டும் அவ்வளவு ஒத்திருந்ததால், டிக்குவின் நிரலை நாங்கள் எடுத்தாளவில்லை என்று எவர்குவெஸ்ட் குழுவினர் 2000-இல் உறுதிமொழிப் பத்திரமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எவர்குவெஸ்டின் கரடுமுரடுகளைச் செதுக்கி, எல்லோரும் விளையாடும்படி ஆக்கியது பிளிஸார்டின் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. 2004 நவம்பரில் வெளியான அந்த விளையாட்டு 2010-இல் 1.2 கோடி சந்தாதாரர்களை எட்டியது. மாதச் சந்தா சுமார் 15 டாலர். அந்தக் கணக்கைப் பார்த்த எந்த முதலாளிக்கும் வேறு வழி கண்ணில் படவில்லை.

இதே பார்ட்டில் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இத்தகைய உலகங்களுக்கு வருபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். சாதிக்க வருபவர், புதியதைத் தேடிப் பார்க்க வருபவர், மனிதர்களோடு பழக வருபவர், மற்றவர்களோடு மோத வருபவர். இன்றைய விளையாட்டுகள் முதல் வகைக்காரருக்கே பந்தி விரிக்கின்றன. மற்ற மூவருக்கும் மிஞ்சியதுதான்.

போகாமல் விட்ட வழிகள்

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. 1997-இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' உருவானபோது, ராஃப் கோஸ்டர் தலைமையிலான குழு ஓர் உயிர்ச்சூழலையே கட்டப் பார்த்தது. முயல் புல்லைத் தின்னும், ஓநாய் முயலைத் தின்னும். இரை குறைந்தால் கொடிய விலங்குகள் ஊருக்குள் வரும். ஆனால் சோதனைக் காலத்தில் ஆட்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தீர்த்தார்கள். உயிர்கள் பெருகும் வேகத்தைவிடச் சாகும் வேகம் அதிகம். அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதைத் தாங்கும் வலு அன்றைய கணினிகளுக்கும் இல்லை. இன்றைய சர்வர்களின் வலுவோடு அதை ஒப்பிடவே முடியாது. இருந்தும் அந்த முயற்சியைப் பெரிய நிறுவனம் எதுவும் மனமுவந்து தொடரவில்லை.

அதே கோஸ்டர் வடிவமைத்து 2003-இல் வந்தது 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்'. அதில் நீண்ட நேரம் சண்டையிட்டவரின் மனம் களைத்துப்போகும். அந்தக் களைப்பு மருந்தால் தீராது. ஊருக்குத் திரும்பி, மதுக்கூடத்தில் உட்கார்ந்து, நடனத்தைப் பார்த்து இசையைக் கேட்டால்தான் தீரும். ஆடுபவரும் வாசிப்பவரும் கணினி நடத்தும் பொம்மைகள் அல்ல. உங்களைப் போலவே எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து விளையாடும் மனிதர்கள். ஒரு தடவைகூடத் துப்பாக்கியைத் தொடாமல், நடனக் கலைஞராகவே பெயரெடுக்க முடிந்தது. நல்ல துப்பாக்கி வேண்டுமானால் கைதேர்ந்த ஆயுதக் கைவினைஞரிடம் போக வேண்டும். அவர் செய்த பொருளில் அவர் பெயர் இருக்கும். மூலப்பொருளின் தரம் இடத்துக்கு இடம், வாரத்துக்கு வாரம் மாறும். பயன்படுத்தப் பயன்படுத்தப் பொருள் தேயும். அதனால் கைவினைஞரின் தேவை தீர்ந்துபோகாது. இப்படி 34 தொழில்கள். ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் தேவைப்பட்டார்.

2005 நவம்பரில் நிர்வாகம் அதை மாற்றியது. வார்கிராஃப்டின் வெற்றி கண்முன் நின்ற காலம். 34 தொழில்களை ஒன்பதாகச் சுருக்கி, சண்டையை மையமாக வைத்தார்கள். வீடு கட்டி, கடை வைத்து, ஊர் சமைத்திருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பர் 15-இல் அந்த உலகம் மூடப்பட்டது. ஐந்தே நாளில் அதே கதையுலகில் புதிய எம்.எம்.ஓ. ஒன்று வந்தது. வசனங்களுக்கெல்லாம் குரல் கொடுத்து, பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட 'தி ஓல்ட் ரிபப்ளிக்' அது. உள்ளே அதே டேங்க், அதே ஹீலர். ஓராண்டுக்குள் சந்தாக் கட்டாயத்தைத் தளர்த்தி இலவசத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று.

2003-இல் வந்த 'எ டேல் இன் த டெசர்ட்' இன்னும் துணிச்சலானது. பண்டைய எகிப்தில் நடக்கும் அந்த விளையாட்டில் சண்டையே கிடையாது. கூடி உழைத்துக் கட்டுவதுதான் ஆட்டம். விளையாடுபவர்களே சட்டம் முன்மொழிந்து, வாக்களித்து நிறைவேற்றலாம். நிறைவேறிய சட்டத்தை உருவாக்குநர்கள் விளையாட்டின் விதியாகவே சேர்ப்பார்கள். சிறிய குழு, சிறிய கூட்டம். ஆனால் அந்த யோசனையின் அகலம் பல கோடி டாலர் விளையாட்டுகளில் இல்லை.

வசதி வந்தது, பழக்கம் போனது

இருந்த உறவும் எப்படி அறுந்தது என்பதற்கு வார்கிராஃப்டே சாட்சி. தொடக்கக் காலத்தில் ஒரு குகைக்குள் போக ஐந்து பேர் வேண்டுமென்றால் ஊரில் நின்று ஆள் கேட்க வேண்டும், குகை வாசல் வரை பயணம் போக வேண்டும். சிரமம்தான். ஆனால் ஒரே சர்வரில் இருப்பவர்கள் மறுபடி மறுபடி சந்தித்தார்கள். பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவரின் பெயர் கெட்டது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. 2009 டிசம்பரில் 'டஞ்சன் ஃபைண்டர்' வந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்து நேராகக் குகைக்குள் இறக்கிவிடும். ஷேர் ஆட்டோவில் வந்தவர்களைப் போல, வேலை முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்துபோவார்கள். நேரம் மிச்சமானது உண்மை. நல்ல பெயர், கெட்ட பெயர் என்பதற்கு இருந்த மதிப்பு போய்விட்டது. இந்த வசதியைப் பின்னர் வந்த விளையாட்டுகளும் அப்படியே எடுத்துக்கொண்டன.

இந்த வகை மொபைலுக்கு வந்தபோது வசதி எல்லைக்கே போனது. 2016-இல் கொரியாவில் வெளியான 'லீனியேஜ் 2 ரெவல்யூஷன்' போன்றவற்றில் ஆட்டோ பட்டனை அழுத்தினால் பாத்திரம் தானே நடந்து, தானே கொன்று, தானே லெவல் ஏறும். ஒரு விளையாட்டில் ஆளே தேவைப்படாத அளவுக்கு வேலை சலிப்பூட்டுகிறதென்றால், அந்த வேலையை மாற்றுவதுதானே முறை? வேலையை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை விலக்கிவிட்டார்கள்.

பணமும் பயமும்

உருவாக்குநர்களிடம் யோசனை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓர் எம்.எம்.ஓ.வுக்குப் பரந்த நிலப்பரப்பு வேண்டும், சர்வர் வேண்டும், நூற்றுக்கணக்கானோரின் பல ஆண்டு உழைப்பு வேண்டும். அத்தனை பணத்தைக் கொட்டுபவர் உத்தரவாதம் கேட்கிறார். உத்தரவாதமாகக் காட்ட முடிந்தது, முன்பு ஓடிய ஆட்டத்தின் அச்சு ஒன்றுதான். துணிந்தவர்களும் நடுவழியில் நின்றுவிட்டார்கள். இடித்து மாற்றக்கூடிய நிலம், தாமாக முடிவெடுக்கும் எதிரிகள் என்று 2013-இல் அறிவிக்கப்பட்ட 'எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட்' 2016 மார்ச்சில் ரத்தானது. பிளிஸார்டே ஏழு ஆண்டுகள் உழைத்த 'டைட்டன்' திட்டத்தை 2014-இல் கைவிட்டது.

அமேசானின் 'நியூ வேர்ல்ட்' இன்னொரு பாடம். மனிதரோடு மனிதர் மோதும் கரடுமுரடான உலகமாகத்தான் அது திட்டமிடப்பட்டது. சோதனையில் எழுந்த புகார்களுக்குப் பிறகு, 'பத்து ஓநாய்' பாணியிலான பழகிய வேலைகளை நோக்கி வளைக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் வெளியானபோது ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். இந்த வகைக்கு இன்னும் எவ்வளவு பசி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சில மாதங்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். 2025 அக்டோபரில், இனிப் புதிய உள்ளடக்கம் வராது என்று அறிவித்தது அமேசான்.

எது நிலைத்தது?

ஐஸ்லாந்தில் உருவான 'ஈவ் ஆன்லைன்' 2003 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்கப்பல், சந்தை, கூட்டணி, துரோகம் எல்லாம் ஆட்டக்காரர்களே படைப்பவை. 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் நிலையத்துக்கான பராமரிப்புத் தொகை உரிய நேரத்தில் கட்டப்படாததால் அதன் மீதான உரிமையை இழந்தது. அதிலிருந்து மூண்ட போர் சுமார் 21 மணி நேரம் நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் மோதினார்கள். அழிந்த கப்பல்களின் மதிப்பு 3 லட்சம் டாலர் அளவுக்கு இருக்கும் என்று கணக்கிட்டார்கள். எந்தக் கதாசிரியரும் எழுதாத கதை அது. நடந்ததை யாரும் அழித்துவிட்டு மறுபடி முளைக்கவைக்கவில்லை.

'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' இன்னொரு வகை. ரூன்ஸ்கேப் விளையாட்டிலிருந்து 2007-இல் சேமித்த பழைய பிரதியை எடுத்து 2013-இல் மறுபடி திறந்தார்கள். புதிதாகப் பெரிய அம்சங்களைச் சேர்ப்பதானால் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு. நெடுங்காலம் 75 சதவீத ஆதரவு இருந்தால்தான் சேரும். பிறகு அது 70 சதவீதமானது. பார்வைக்கு எளிமையான அந்த விளையாட்டில் 2025-இல் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

நிலைத்த இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: விளையாடுபவரின் செயலுக்கு எடை இருக்கிறது. வார்கிராஃப்டிலேயே உலகம் இன்றும் பேசும் நிகழ்வு எது தெரியுமா? 2005 செப்டம்பரில் ஒரு தனிச் சண்டைக் களத்துக்குள் அடங்க வேண்டிய நோய்ச் சாபம், வளர்ப்புப் பிராணிகள் வழியாக நகரங்களுக்குள் பரவியது. லெவல் குறைந்தவர்கள் நொடியில் செத்து விழுந்தார்கள். குணப்படுத்தும் ஆற்றல் உள்ளவர்கள் உதவிக்கு ஓடினார்கள். சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். தொற்றுநோயின்போது மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை இதை வைத்து ஆராயலாம் என்று 2007-இல் 'லான்செட்' குழும மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. நிறுவனத்துக்கு அது ஒரு பிழை, சரிசெய்து மூடிவிட்டார்கள். ஆனால் அந்த நாட்களில்தான் வார்கிராஃப்ட் உண்மையான உலகமாக இருந்தது.

புதுமை எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பிழையே காட்டிக்கொடுத்துவிட்டது. புதிய இனம், புதிய கண்டம், புதிய வாள் ஆகியவற்றில் அது இல்லை. ஒரு மனிதரின் செயல் இன்னொரு மனிதரைத் தொடும் இடத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் நானூறு மணி நேரக் கதையைக் கட்டுவதற்குப் பதில், சிறிய உலகம் ஒன்றைக் கட்டி, அதில் நடப்பதற்கு விளைவு உண்டு என்று விதி வகுக்கட்டும். நூறு பேரின் கூலியில் பத்துக் குழுக்கள் பத்து வழிகளில் முயலட்டும். ஒன்பது தோற்றாலும், ஒன்று அடுத்த இருபது ஆண்டுகளுக்கு வழிகாட்டும்.

விளையாடுபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அடுத்த பெரிய எம்.எம்.ஓ.வின் டிரெய்லர் வரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த உலகத்தில் எனக்கு இன்னொரு மனிதர் எதற்குத் தேவை? நான் இன்று செய்தது நாளைக்கும் இருக்குமா? பதில் சொல்லும் விளையாட்டு சிறியதாக இருந்தாலும் உங்கள் பணமும் நேரமும் அதற்குப் போகட்டும். பதில் இல்லாத விளையாட்டுக்கு எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் முன்பதிவு செய்யாதீர்கள். நாம் வாங்குவதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். வேறு உலகம் வேண்டுமென்றால் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.