எந்தச் சான்றிதழ் செல்லும்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் தடித்த கோப்புகளோடு பெற்றோர் வருகிறார்கள். உள்ளே அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ‘உலக சாதனை’ப் பதக்கம், யாரோ ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்திய ‘தேசிய’ கராத்தே போட்டி. ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள். “இதையெல்லாம் விண்ணப்பத்தில் எங்கே ஏத்தணும் சார்?” எங்கேயும் ஏற்ற முடியாது என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குப் போடும் கட் ஆஃப்தான் கணக்கு. இதற்கு வெளியே விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் விளையாட்டு, என்.சி.சி. மாணவர்களுக்குப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புக் கலந்தாய்வு நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் 2024இல் விளையாட்டுக்கும், மறு ஆண்டு கலைக்கும் தனி இடங்கள் ஒதுக்கியது, ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் இல்லாமல் பதக்கம் மட்டும் அங்கே உதவாது.

ஆகவே பணம் கட்டும் முன் இரண்டு வேலை. சென்ற ஆண்டின் விளையாட்டுப் பிரிவு விதிமுறைகளை எடுத்து, உங்கள் பிள்ளையின் விளையாட்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் போய், போட்டி நடத்தும் சங்கம் அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். ஒரே விளையாட்டுக்கு ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு மூன்று சங்கங்கள் இருக்கும். சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பள்ளிக்கல்வித் துறை குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று நடத்தும் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள் இருக்கும்போது, தனியார் கோப்பைகளுக்கு ஏன் அலைய வேண்டும்? உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள்.

சான்றிதழ் மட்டும் போதாது. அதற்குரிய படிவத்தில் சங்கச் செயலரோ துறை அதிகாரியோ கையெழுத்திட வேண்டும். போட்டி முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். செயலர் மாறிவிட்டால் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பள்ளிப் பதிவோடு ஒத்துப்போகட்டும். விண்ணப்பிக்கும்போதே விளையாட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பதிவேற்ற வேண்டும். சரிபார்ப்புக்கு அசலோடு நேரில் போக வேண்டும். தரவரிசைப் பட்டியலில் பெயர் விடுபட்டால், குறைதீர்க்கக் கொடுக்கும் சில நாட்களுக்குள் பொறியியல் சேர்க்கைச் சேவை மையத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டிய இந்த விதிகள் பலருக்கு விண்ணப்பம் போடும் நேரத்தில்தான் தெரியவருகின்றன. பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்ட அதிகாரிகளுக்கு என்ன தடை?

மறுபடியும் சொல்கிறேன்: பணம் கட்டும் முன் கேளுங்கள். போலிப் படிவம் வாங்கித் தருகிறேன் என்பவரை அண்டவே விடாதீர்கள். கிடைத்த இடமும் போகும், வழக்கும் வரும்.

‘கல்லூரியில் சீட் உறுதி’ என்று விளம்பரம் செய்து யாராவது ஏமாற்றியிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ரசீதையும் விளம்பர நோட்டீஸையும் தொலைத்துவிடாதீர்கள்.