மேகத்திற்குள் ஒரு வழிகாட்டி

கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக மலைநாட்டின் உட்பகுதிக்குச் செல்லும் அன்பர்கள், நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்துள்ள சப்தகன்னியர் மலையை அறிவர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, மக்கா செல்லும் இந்தோனேசிய யாத்திரிகரை ஏற்றிவந்த டச்சு விமானமொன்று அம்மலையில் மோதிச் சிதறிற்று. 191 பேரில் ஒருவரும் உயிர் பிழைத்திலர். விமானம் இறங்க வேண்டியதோ நெடுந்தொலைவிலுள்ள கட்டுநாயக்காவில்! தாம் எங்கிருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, அளவுக்கு மீறித் தாழ்ந்தனர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

அவ்விமானிகளுக்குக் கிட்டாத விடையை இன்று செயற்கைக் கோள்கள் அளிக்கின்றன. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அவை அனுப்பும் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். வீதியில் வண்டியோட்டுவோருக்குச் சில மீற்றர் பிழை பொருட்டன்று. தரையைத் தொடப்போகும் விமானத்திற்கோ அது பெரும் பிழை. மேலும், கோள்கள் யாவும் நம் தலைக்கு மேலேயே உள்ளன. கீழிருந்து அளக்க ஒன்றுமில்லை. ஆகவே உயரக் கணக்கே அதிகம் தடுமாறும்.

1994இல் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் இக்குறையை நீக்கச் செய்த உபாயம் நம்மை வியக்க வைக்கிறது. விமானம் இறங்கும் வழியில், கோளைப் போன்றே சமிக்ஞை அனுப்பும் சிறு கருவிகளைத் தரையில் வைத்தனர். ஒரு போயிங் 737 விமானம் 110 முறை தானாகவே இறங்கிற்று.

ஆயினும் கலிபோர்னிய வானம் வேறு, நம் வானம் வேறு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தீவையும் தென்னிந்தியாவையும் ஒட்டியே செல்கிறது. சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற மேல்வளி மண்டலம் இப்பகுதியில் அமைதியற்றது. பொழுது சாய்ந்தபின் அதில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் எழுந்து சமிக்ஞையைத் துடிக்கச் செய்யும். பிறநாட்டுப் பரீட்சைகளை மாத்திரம் நம்பியிருத்தல் நமக்குப் போதாது என்பதே எம் கருத்து.

இந்தியர் இதனை உணர்ந்து ‘ககன்’ என்னும் அமைப்பை நிறுவினர். திருவனந்தபுரம், போர்ட் பிளேயர் உட்பட 15 இடங்களிலுள்ள நிலையங்கள், தம் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிந்தவை. ஆதலால் கோள் கூறும் கணக்கிலுள்ள பிழையை உடனே கண்டுபிடித்துவிடும். அத்திருத்தம் வேறொரு கோளின் வழியாக விமானத்தை அடைகிறது. கோளொன்று பொய்யுரைப்பின் சில விநாடிகளுக்குள் எச்சரிக்கை எழும். எமக்கு இதுவே அனைத்திலும் சிறந்த அம்சமாகப் படுகிறது. பிழையான வழிகாட்டியைவிட, வழிகாட்டி இல்லாதிருப்பது மேலன்றோ?

2022 ஏப்ரலில் ராஜஸ்தானத்துக் கிஷன்கர் நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் இம்முறையைப் பின்பற்றி இறங்கிப் பார்த்தது. விலையுயர்ந்த தரைக்கருவிகளை நிறுவ இயலாத சிறு விமான நிலையங்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம். எனினும், முற்றிலும் தானாக இறங்கும் முறை இதுவன்று. இத்தகைய அமைப்பு விமானத்தைத் தரைக்கு மேல் சுமார் 250 அடி வரையில் கொணர்ந்துவிடும். அங்கே ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாவிடின், விமானி மீண்டும் மேலெழுந்துவிட வேண்டும்.