லயத்தில் நடந்த சேதத்துக்குக் கந்தகாட்டில் மருந்தில்லை

பூண்டுலோயா மாதிரியான தோட்டப்பகுதியில் ஒரு பையன் கொஞ்சம் ஐஸ் போதைப்பொருளோடு பிடிபட்டால், தண்டம் கட்டுவது பெரும்பாலும் அம்மாவின் கொழுந்துக் காசு. 2024இல் நாட்சம்பளமே 1,350 ரூபாயாகத்தான் நிர்ணயிக்கப்பட்டது. மிச்சத்துக்குத் தோடு அடகுக்குப் போகும். அவன் தூக்கிப்போய் விற்ற பக்கத்து வீட்டு காஸ் சிலிண்டர் மட்டும் திரும்பி வராது. அந்த வீட்டுக்காரியிடம் போதை வழக்கில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற பொலிஸ் போதை வேட்டையில் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். அடுத்த மாதமே ஐ.நா. நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்திலோ, 2022 ஜூனில் ஒருவர் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். ஆளை அடைத்துவைத்தால் போதை தெளியும் என்ற நம்பிக்கைக்கு இதற்குமேல் என்ன மறுப்பு வேண்டும்?

சேதம் நடந்தது அவர்கள் குடியிருக்கும் லயத்தில். அதைச் சரிக்கட்ட வேண்டியதும் அங்கேதான். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டப்படி, சிறு குற்றங்களில் நீதவான் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் மேற்பார்வையில் விடலாம். ஆலோசனைக்குப் போகவும் பொதுவேலை செய்யவும் கட்டளையிடலாம். போதை வழக்கை மத்தியஸ்த சபை தொட முடியாதுதான். ஆனால் அதை ஒட்டி வந்த கைகலப்பு, உடைந்த கதவு போன்ற சில்லறைத் தகராறுகளை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதன்முன் வைக்கலாம். இரண்டையும் சேர்த்து ஓட்டத்தான் ஆளில்லை.

விற்பவன் இதில் நழுவிவிடுவானே என்பார்கள். நழுவ மாட்டான். பாவிப்பவரைக் குற்றவாளியாக்குவதை 2001இல் கைவிட்ட போர்த்துக்கலிலும் கடத்தல் இன்றுவரை குற்றமே. எனக்குக் கனமாகப் படுவது வேறொரு ஆட்சேபம்: தோட்டத்தில் சமரசம் என்றால் தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் கூடி, "நம்ம புள்ளதானே, விட்டுடுங்க" என்று பாதிக்கப்பட்டவளையே அடக்கிவிடும் ஆபத்து. அது நியாயமான பயம். ஆகவே சமரசத்துக்கு வர மறுக்கும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும், பேச்சை நடத்துபவர் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் தமிழ் தெரிந்த அலுவலராக இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் பழைய பஞ்சாயத்தைவிட நீதிமன்றமே மேல்.

திருந்தியவன் மறுபடி விழுவதும் உண்டு. விழுந்த மறுநாளே கட்டளையை மீறியதாகச் சொல்லி உள்ளே தள்ளினால் சிகிச்சைக்கு அர்த்தமில்லை. கிளினிக்குக்கு நுவரெலியா வரை பஸ் ஏறினால் ஒரு நாள் சம்பளம் போகும். அந்த நாளுக்கு அரைப் பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது, போட எந்தத் தோட்ட நிர்வாகம் முன்வரும்?